அச்சத்திற்குக் காத்திருப்போர்

ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களின் கடைசியில் தொடங்கி நவம்பர்த் திங்களின் தொடக்கம் வரை, குறிப்பிட்ட சில இரவுகளில், செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா தன் பகல் வேடத்தைக் களைந்துவிட்டு வேறு வேடம் பூணுகிறது. 'ஹாலோவீன் திகில் இரவுகள்' என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். அதற்கெனத் தனி நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு இளைஞரும் நங்கையரும் திரள் திரளாக வருகின்றனர். அவர்கள் நாடி வருவது பேய்வீடுகளை. பேய்வீடு என்றதும் பாழடைந்த பங்களா ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டா. வளைந்து வளைந்து செல்லும் ஓர் இருட்டு நடைவழி. இருமருங்கும் நாடக மேடைபோல ஒப்பனை செய்யப்பட்ட அறைகள். ஒலி, புகை, சில இடங்களில் நாற்றமும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத பொந்துகளில் வேடதாரிகள் பதுங்கியிருக்கின்றனர். வருவோர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேடதாரி பாய்ந்து வருவான், ஆனால் தொடமாட்டான். வந்தவரும் அவனைத் தொடலாகாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து வெளிக்காற்று முகத்தில் படும்.

இதையும் ஒரு கலையென்று எடுத்துக்கொண்டு ஆராய வேண்டுமா என்று தமிழாசிரியர் சிலர் முகஞ்சுளிக்கலாம். தெருக்கூத்தையும் பாவைக்கூத்தையும் ஆராய்கின்ற நாம் இதனை மட்டும் ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. நம் மாணவர்கள் போய் வருகின்ற இடம் அது. போவதற்கு முன்பே வாரக்கணக்கில் பேசித் தீர்க்கின்ற பொருளும் அது. ஆயின் ஆராய்கிறவன் எங்கே நின்று பார்ப்பது என்பதே கேள்வி. உள்ளே புகுந்து வந்து, எந்த வீடு நன்று, எந்த வீடு சோடை என்று எழுதுவது வழக்கம். அதிலே தவறில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக இரசிகர் காத்திருக்கும் காலம் பல திங்கள் என்பதை அவ்வாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். அந்தக் காத்திருப்பே இக்கலையின் பெரும்பகுதி. அதை வளர்க்கத் தெரிந்தவனே இதில் கலைஞன். நாம் சொல்ல வருவது இதுதான்.

வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் நாள், புனிதர் அனைவர்க்குமான கிறித்துவத் திருநாளின் முன்னிரவு. அமெரிக்காவில் அது சிறுவர்கள் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் விளையாட்டாகப் பரவியது. கேளிக்கைப் பூங்கா ஒன்று அதனைப் பெரிய அளவில் கையிலெடுத்தது 1973ஆம் ஆண்டில். கலிபோர்னியாவிலுள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்னும் பூங்கா அவ்வாண்டு மூன்றே இரவுகள் பேய்க்கோலம் பூண்டது. புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில் யுனிவர்சல் பூங்கா திறக்கப்பட்ட மறு ஆண்டாகிய 1991இல், அங்கும் மூன்று இரவுகள் ஒரே ஒரு பேய்வீட்டுடன் நிகழ்ச்சி தொடங்கிற்று. 1992இல் அதற்கு இன்றைய பெயர் வந்தது. 2018இல் அங்கே பத்துப் பேய்வீடுகள். சிங்கப்பூருக்கு இது வந்து சேர்ந்தது 2011இல். பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகள் நின்று, 2022இல் மறுபடியும் தொடங்கியது.

ஒரு வீடு பத்து வீடாக வளர்ந்த கதையினும், மூன்று இரவு விழா ஓராண்டு விழாவாக மாறிய கதையே நமக்கு வேண்டியது. ஓராண்டு விழா என்று நாம் சொல்வது மிகையன்று. ஆர்லாண்டோவில் நவம்பரில் கதவு சாத்தப்பட்டதும் அடுத்த ஆண்டைப் பற்றிய பேச்சுப் பிறந்துவிடும். வீடுகளின் பெயர்களைப் பூங்காவினர் ஒரே நாளில் சொல்லிவிடுவதில்லை. இளவேனிலில் ஒன்று, கோடையில் ஒன்றிரண்டு என்று சிந்துகின்றனர். இரசிகர் சும்மா இருப்பாரா? எந்தப் படப்பிடிப்புக் கொட்டகையில் எந்த வீடு அமையும் என்று ஊகப்படம் வரைகின்றனர். வீடு ஒவ்வொன்றுக்கும் மறைபெயர் இட்டு வழங்குகின்றனர். கட்டட அனுமதிக்காக அரசு அலுவலகத்தில் கொடுக்கப்படும் காகிதங்களைத் தேடிப் புரட்டுகின்றனர். வேலியிடுக்கில் தெரியும் மரப்பலகை ஒன்றின் நிறத்தை வைத்துக்கொண்டு, அது பண்ணை வீட்டின் சுவரா, கப்பலின் பக்கமா என்று வழக்காடுகின்றனர்.

ஒரு சொல்லுக்குப் பொருள் காண நச்சினார்க்கினியர் எத்தனை தொலைவு சென்று எச்சொல்லைக் கொண்டுவந்து கூட்டுவார் என்பதை அறிந்த தமிழாசிரியர்க்கு இந்த வழக்காடல் வியப்பளிக்காது. மூலம் சிறிது, உரை பெரிது. மூலநூல் இன்னும் எழுதப்படவில்லை என்பது ஒன்றே வேறுபாடு!

பூங்காவினரும் இதனை நன்கறிந்து வளர்த்தனர். 2000ஆம் ஆண்டில் ஜாக் என்னும் கோமாளி ஒருவனை ஆர்லாண்டோவினர் படைத்து, அவ்வாண்டு நிகழ்ச்சிக்கே தலைவனாக்கினர். சிரித்த முகமும் கொலைகார நெஞ்சும் உடையவன் அவன். பின்னர் ஆண்டுக்கு ஒரு புதிய தலைமைப் பாத்திரம் வரத் தொடங்கிற்று. ஆனால் இரசிகர் ஜாக்கை மறக்கவில்லை. 2007இலும் 2015இலும் அவன் திரும்பி வந்தான். இடையிலிருந்த ஆண்டுகளில் அவன் எங்கே இருந்தான்? காத்திருந்தவர் மனத்திலேதான் இருந்தான்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. பேய்வீடுகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முதல் மூன்றும் தாமே வந்து அமைகின்றன. ஆவியும் சூனியக்காரியும் அணங்கின்பாற்படும். ஓநாய் மனிதன் விலங்கின்பாற்படுவான். முகமூடி அணிந்து கத்தி ஏந்தி வருபவன் கள்வனுக்கு உறவினன். நான்காவதாகிய இறை மட்டும் இங்கே அருகியே காணப்படுகிறது. இதனினும் நம் கருத்தைக் கவர்வது அவ்வியலின் தொடக்கத்தில் வரும் 'பண்ணை' என்னும் சொல். விளையாட்டு ஆயம் என்று அதற்கு உரைகாரர்கள் பொருள் கூறினர். ஆக, அச்சமும் அழுகையும் விளையாட்டுக் களத்தில் சுவைப்பொருளாகத் தோன்றுவதை நம் முன்னோர் கண்டுதான் இலக்கணம் வகுத்தனர். காசு கொடுத்து அஞ்சப் போகிறவனைப் பார்த்து நகைப்பதற்கு முன் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

உரைகாரர்கள் ஒரு வரிசைமுறையும் காட்டினர். முதலில் சுவைக்கப்படும் பொருள். அடுத்து அதனை நுகரும் பொறியுணர்வு. பின் உள்ளத்தில் நிகழும் குறிப்பு. கடைசியில் உடம்பின்மேல் தோன்றும் விறல், அதாவது நடுக்கமும் மயிர்சிலிர்ப்பும். புலி முதலில், அதைக் கண்ட கண் அடுத்து, நெஞ்சின் கலக்கம் அதற்கடுத்து, கைகால் நடுக்கம் இறுதியில். வாழ்க்கையில் இம்முறை பிறழாது. பேய்வீட்டுக்குக் காத்திருப்பவனிடத்தில் இது தலைகீழாகிறது. பொருள் இன்னும் இல்லை. வீடு கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆனால் குறிப்பு நிகழ்ந்துவிட்டது. பெயரைக் கேட்டவுடனே உள்ளம் வேலை செய்யத் தொடங்குகிறது. வரிசையில் நிற்கும்போது, உள்ளிருந்து வரும் பிறர் கூக்குரலைக் கேட்டே மயிர் சிலிர்க்கிறது. பொருள் கடைசியாக வருகிறது. வந்து, முன்பே எழுதி வைத்த ஓலைக்கு முத்திரை இடுகிறது.

இதனால்தான், கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடும் என்னும் கவலை ஓரளவுக்குமேல் செல்லாது. கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்னும் இருவர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்து, சிலர்க்கு மட்டும் முடிவை முன்னதாகவே சொல்லிவிட்டனர். முடிவு தெரிந்து படித்தவர்களே பெரும்பாலும் மிகுதியாகச் சுவைத்தனர். திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் இதனை வேறொரு வகையால் விளக்கியிருக்கிறார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் நொடிப்பொழுது திடுக்கீடு. இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்க்குத் தெரியாவிட்டால் பல நிமிடப் பதைப்பு. பேய்வீட்டின் சுவருக்குப் பின்னால் எவனோ இருக்கிறான் என்பது உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும். எந்தச் சுவர் என்பதுதான் தெரியாது.

அச்சத்துக்கும் அளவுண்டு. டென்மார்க் நாட்டின் வைலே நகர்ப் பேய்வீடு ஒன்றில், நூற்றுப்பத்துப் பேர்க்கு இதயத்துடிப்புக் கருவி பொருத்தி அனுப்பி ஆராய்ந்தனர், ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தார். அம்முடிவு 2020இல் வெளிவந்தது. அச்சம் ஏற ஏற இன்பமும் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியபின் இறங்கிவிடுகிறது. உப்பை இட்டுச் சமைப்பவர்க்கு இதை ஆய்வாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. எனினும் கருவிகொண்டு அளந்து காட்டியது நன்று.

காத்திருக்க வைக்கும் இந்த உத்தியை நம் புலவருள் நன்கு அறிந்தவர் செயங்கொண்டார். கலிங்கத்துப்பரணியை மாணவர்க்குப் போர்ப்பாட்டு என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் போர் எங்கே வருகிறது? முதலில் கடைதிறப்பு, மூடிய கதவின்முன் நிற்கிறோம். பிறகு காடு, பிறகு காளியின் கோயில், பிறகு காளி, அதன்பின் பசியால் வற்றிய பேய்கள். போர் வெகுதொலைவில் கிடக்கிறது. அதற்குள் முதுபேய் ஒன்று வந்து, தான் கற்ற இந்திரசாலத்தைக் காட்டுகிறது. குருதி வெள்ளமும் பிணக்குவியலும் கண்முன் தோன்றப் பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. விலக்கும்படி கெஞ்சுகின்றன. மாயக்காட்சியைக் கண்டு மயங்கி ஏமாறுகின்றவர் மனிதர் அல்லர், பேய்களே! இதிலே நகையும் உண்டு, அச்சமும் உண்டு. அந்தக் கதவு, காடு, கோயில் என்னும் வரிசையைத்தான் நல்ல பேய்வீட்டின் முகப்பும் வரிசைத்தடமும் முதல் அறையும் பின்பற்றுகின்றன என்று சொன்னால், அமைத்தவர்கள் பரணியைப் படித்தார்கள் என்பது பொருளன்று. அச்சத்தை ஆக்கும் வழி எங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

இனிக் குறைகளைச் சொல்லியாக வேண்டும். பூங்காவினர் ஒரு கையால் வளர்த்த காத்திருப்பை மற்றொரு கையால் கெடுக்கின்றனர். மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து விட்டால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இருட்டு கிடைக்கும். அவ்வாறு செய்வதில்லை. கூட்டம் மிகுந்த இரவுகளில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி இரயில் வண்டித் தொடர்போல உள்ளே செலுத்துகின்றனர். முன்னே செல்பவள் அலறும்போதே பின்னே வருபவனுக்கு எந்தச் சுவர் என்பது தெரிந்துவிடுகிறது. ஹிட்ச்காக்கின் குண்டு அவன் கண்முன்னே முன்கூட்டியே வெடித்துப் போகிறது. கூடுதல் பணம் கொடுத்தவர்க்கு விரைவுச் சீட்டு உண்டு. அது வரிசையைக் குறைக்கிறது. காத்திருப்பைச் சுவையென்று கொண்டோமானால், அதனைக் காசு கொடுத்துத் தள்ளிவிடுவது வேடிக்கையான வாணிகமே. எனினும் கால்கடுக்க நிற்பவர் நம் இலக்கணத்தை ஏற்கமாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது குறை, இளிவரலை அச்சமென்று மயங்குவது. குடலும் குருதியும் தொங்கவிட்டால் போதும் என்று எண்ணிச் சில வீடுகளை அமைத்துவிடுகின்றனர். அழுகிய பிணத்தைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொள்பவன் அருவருக்கிறான், அவன் அஞ்சவில்லை. அருவருப்புக்கு எவரும் ஆறு திங்கள் காத்திருப்பதில்லை. காலியான ஓர் அறை, ஒரே ஒரு நாற்காலி, அந்த நாற்காலி இலேசாக ஆடிக்கொண்டிருப்பது, இவை போதும்.

பொந்துக்குள் பதுங்கியிருக்கும் வேடதாரியையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். இவனும் காத்திருப்பவனே. காலடியோசை நெருங்கும்வரை மூச்சடக்கி நின்று, ஒரு நொடி பாய்ந்து, மறுபடியும் இருட்டுக்குள் ஒடுங்கி, அடுத்தவருக்காக நிற்கிறான். ஓரிரவில் இதனை நூற்றுக்கணக்கான முறை செய்கிறான். தொடாமல் அச்சுறுத்த வேண்டும். குழுவில் எவர் அஞ்சக்கூடியவர் என்பதை இமைப்பொழுதில் கண்டுகொள்ள வேண்டும். கை தட்டுவார் இல்லை. அவனுக்குக் கிடைக்கும் பாராட்டு ஓர் அலறலும், அதனைத் தொடர்ந்து வரும் வெட்கச் சிரிப்பும்தான்.

இரசிகரிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு வழக்கு உண்டு. திரைப்படங்களையும் தொடர்களையும் தழுவி அமைக்கும் வீடுகள் மேலா, பூங்காவினர் தாமே புனைந்த வீடுகள் மேலா என்பது அது. 2018இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் தொடரைத் தழுவிய வீடு ஆர்லாண்டோவிலும் ஹாலிவுட்டிலும் சிங்கப்பூரிலும் ஒருங்கே அமைந்தது. அத்தகைய பெயர் அறிவிக்கப்பட்டதும் ஆரவாரம் எழுகிறது. ஆனால் அது எத்தகைய காத்திருப்பு? தொடரில் பார்த்த அறை இருக்கிறதா, அந்தச் சுவர் விளக்குகள் எரிகின்றனவா, அந்தப் பூதம் வருகிறதா என்று பட்டியலிட்டுச் சரிபார்க்கும் காத்திருப்பு. கண்டதும் மகிழ்ச்சி பிறக்கிறது. அது பழகிய முகத்தைக் கண்ட மகிழ்ச்சி. உவகையின்பாற்படும் அதனை அச்சமென்பது பொருந்தாது. புனைந்த வீடோ வெறும் பெயரோடு வருகிறது. பெயர் நல்ல பெயராக இருந்தால் மீதியைக் காத்திருப்பவனே கட்டி முடிக்கிறான். மோசமான பெயராக இருந்தால் அவன் ஒன்றும் கட்டமாட்டான். அவ்வகை வீடுகளும் உண்டு. எப்படியாயினும் புனைந்த வீட்டின் பக்கமே நாம் சாய்கிறோம்.

சிங்கப்பூர் இவ்வழக்குக்கு மூன்றாவது வகை ஒன்றைத் தந்தது. திரைப்படமும் அன்று, புதுப்புனைவும் அன்று, ஊரார் வாய்க்கதை. 2014இல் 'மத்தி முகாம்' என்றொரு வீடு. மத்தி என்பது மலாய்மொழியில் இறப்பைக் குறிக்கும் சொல். படைமுகாமைக் களமாகக் கொண்ட வீடு அது. தேசிய சேவைக்குச் சென்றுவந்த எந்த இளைஞனைக் கேட்டாலும், தேக்கோங் தீவில் இரவுக் காவலின்போது நிகழ்ந்ததாக ஒரு கதை சொல்லுவான். அவன் தன் அண்ணனிடம் கேட்டது அது. அண்ணன் தன் நண்பனிடம் கேட்டது. இக்கதைகளோடு வளர்ந்தவன் அவ்வீட்டின் வாயிலில் வந்து நிற்கும்போது, பூங்காவினர் விளம்பரம் செய்த நாளிலிருந்து காத்திருந்தவன் என்று அவனைக் கணக்கிடலாமா? அவன் பள்ளி நாளிலிருந்தே காத்திருந்தவன். 2016இல் உணவங்காடி ஒன்றையே பேய்க்களமாக்கினர். நாள்தோறும் கோழிச்சோறு வாங்கித் தின்னும் இடத்தைப் போன்ற மேசையும் நாற்காலியும் விளக்கும் எதிரே இருக்க, அதனுள் அச்சம் புகுந்தபோது வந்தவர் திகைத்தனர். வெளிநாட்டுக் கோட்டையையும் கல்லறையையும் எத்தனை செலவிட்டுக் கட்டினாலும் இத்திகைப்பு வாராது.

அதே 2016இல் 'பழைய சாங்கி மருத்துவமனை' என்னும் வீடும் வந்தது. இங்கேதான் நமக்கு ஓர் இடர்ப்பாடு. மற்ற வீடுகளைப்போல இது கற்பனைப் பெயரன்று. சாங்கியில் மேட்டின்மேல் நிற்கும் அக்கட்டடங்கள் 1930களில் பிரிட்டிஷ் படையினருக்காக எழுந்தவை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்தவை. பின்னர் மருத்துவமனையாக நெடுங்காலம் இயங்கி, 1997இல் மூடப்பட்டவை. அங்கே ஜப்பானியர் செய்த கொடுமைகளைப் பற்றியும் இரவில் கேட்கும் குரல்களைப் பற்றியும் வழங்கும் கதைகளில் பலவற்றுக்குச் சான்றில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் இம்மண்ணில் மக்கள் பட்ட துன்பத்துக்குச் சான்று வேண்டுவதில்லை. சயாம் மரண இரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். அழுகைக்கு உரிய நிலைக்களனில் ஒன்றாக இழவைக் கூறினார் தொல்காப்பியர். அந்த இழவை எடுத்து அச்சமாக மாற்றி விளையாட்டுக்கு விடலாமா?

கூடவே கூடாது என்று அடித்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. பேய்க்கதை என்பதே, சொல்லப்படாத துயரத்தை ஊரார் சொல்லிக்கொள்ளும் வழியாகப் பலவிடங்களில் இருந்திருக்கிறது. பாடநூலில் ஒரு பத்தியாகக் கிடந்த செய்தி, ஆவி என்று பெயர் பூண்டதால் இளைஞர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததுண்டு. ஆனால் வாயிலில் நிற்பவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை அமைப்பவன் அறிந்திருக்க வேண்டும். குருதி தோய்ந்த மருத்துவரையும் கத்தரிக்கோலையும் காட்டுவதற்கு இப்பெயர் வேண்டியதில்லை. எந்த ஊர் மருத்துவமனையாக இருந்தாலும் அது நடக்கும். பெயரைக் கடன் வாங்கியவர், அப்பெயருக்குள் இருந்த துயரத்தில் ஒரு துளியையேனும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறைதானே?

இந்த எதிர்பார்ப்பைப் பேராசை என்று சொல்லாதபடி, 2018இல் வந்த 'பொந்தியானாக்' வீட்டை வைத்துப் பார்க்கலாம். பொந்தியானாக் யார் என்பதை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்ணின் ஆவி, வாழைமரத்தில் வாழ்வது, வருமுன் சம்பங்கி மணம் வீசுவது, பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய மனைவியாக மாறிவிடுவது என்று மலாய்மக்கள் சொல்லுவர். மணம் முன்னே வரும், உரு பின்னே வரும் என்னும் அந்த ஒரு செய்தியை நோக்குங்கள். காத்திருக்க வைக்கும் உத்தி அக்கதையின் உள்ளேயே இருக்கிறது. அதனடியில் கிடப்பதோ துயரம். தாயாகும் வேளையில் உயிர்விட்ட பெண் அவள். அத்தகைய பெண்ணுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இறக்கி வைக்க முடியாமற் போன சுமையை வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்று கருதிச் செய்தது அது. ஒரே இழவை ஓரிடத்தில் கல்லாக நட்டனர். ஓரிடத்தில் மரத்தில் ஏற்றினர்.

பொந்தியானாக்கைத் திரைக்குக் கொண்டுவந்ததில் நம்மவர் பங்கும் இருக்கிறது. மலாய்ப் படவுலகின் தொடக்க நாட்களில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பலர் இங்கே பணியாற்றினர். அவர்களுள் ஒருவரான பி. என். ராவ், கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக 'பொந்தியானாக்' என்னும் படத்தை இயக்கினார். மரியா மெனாடோ அதில் நடித்தார். 1957 ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூரில் கேத்தே அரங்கில் திரையிடப்பட்டு, வாரக்கணக்கில் ஓடிற்று. மலாய்க்காரர் மட்டுமன்றிச் சீனரும் இந்தியரும் வரிசையில் நின்று பார்த்தனர். அவ்வெற்றியால் அதே நாயகியை வைத்து மேலும் இரண்டு படங்களை ராவ் எடுத்தார். முதற்படத்தின் சுருள்கள் பின்னாளில் அழிந்துபோயின. இன்று அதனைப் பார்ப்பதற்கு வழியில்லை.

2018இல் செந்தோசாவில் அந்த வீட்டின் முன் நின்ற இளைஞர்கள் அப்படத்தைப் பார்த்திருக்க முடியாது. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்வது வாழைமரம் இல்லாத அடுக்குமாடி வீடுகளில். ஆயினும் சம்பங்கி மணத்துக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.